மாரியோவின் பாதையமைப்பு – ஒரு திறனாய்வு

ஒரு நூலை முதன்முறை படிக்கும்போது மனம் கதையின் பின்னே ஓடுகிறது. அடுத்து என்ன நேரும் என்னும் பரபரப்பில், ஆசிரியர் கதையை எவ்வாறு கட்டியுள்ளார் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. முடிவு தெரிந்தபின் மீண்டும் படிக்கும்போதுதான் கட்டுமானம் தெரிகிறது. இவ்வுண்மை நூல்களுக்கு மட்டும் உரியதன்று. இசைக்கும் நாடகத்திற்கும் பொருந்துவதுபோலவே, காலத்தால் பிற்பட்ட கலையாகிய வீடியோ விளையாட்டுக்கும் பொருந்துவதாகும்.

ஆயினும், தமிழில் இவ்விளையாட்டுகளைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் இரண்டு வகையினவாகவே உள்ளன. மாணவரின் நேரத்தைக் கொள்ளைகொள்ளும் தீமை என்று கடிந்துரைப்பது ஒரு வகை. புதிய கருவியின் ஆற்றலை வியந்துரைப்பது மற்றொரு வகை. ஓர் ஆட்டம் எவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது, அவ்வமைப்பில் நன்று எது, குறை எது என்று ஆராய்ந்து கூறும் எழுத்து அரிதாகவே காணப்படுகிறது. பிற துறையினர் இதனைப் புறக்கணிக்கலாம். ஆசிரியர் புறக்கணித்தல் ஆகாது. ஏனெனில், நன்கு அமைந்த ஆட்டம் ஒவ்வொன்றும் ஆடுவோருக்கு எதையேனும் கற்பித்துக்கொண்டே செல்கிறது. அதையும் பெரும்பாலும் சொல்லின்றியே கற்பிக்கிறது.

இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற படைப்பு, 1985ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஆகும். கியோத்தோ நகரத்து நின்டெண்டோ நிறுவனத்தார் தம் ‘ஃபேமிகாம்’ கருவிக்கென வெளியிட்ட இதனை ஷிகெரு மியாமோத்தோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்தனர். இசையமைத்தவர் கோஜி கொண்டோ. கதை ஒரே வரியில் அடங்கிவிடும். ஆமையரசன் கவர்ந்து சென்ற இளவரசியை மீட்பதற்காக, மீசை வைத்த குழாய்த் தொழிலாளி ஒருவன் ஓடியும் தாவியும் செல்கிறான். எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். இசை, படம் உட்பட இவை அனைத்தும் 40 கிலோபைட் அளவுக்குள் அடக்கப்பட்டன. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இதனினும் பன்மடங்கு பெரிது. இடத்தைச் சிக்கனம் செய்யும் பொருட்டு, வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே வடிவத்தையே பயன்படுத்தினர். வண்ணம் மட்டுமே வேறு. கட்டங்களை வரைபடத் தாளில் கையால் வரைந்தே உருவாக்கினர்.

விட்ட இடத்தைச் சேமித்து வைத்து மறுநாள் தொடரும் வசதி இவ்வாட்டத்தில் இல்லை. கருவியை அணைத்துவிட்டால் அடுத்தமுறை முதற்கட்டத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். ஆகவே எட்டாம் உலகத்தை ஒருமுறையேனும் கண்டவர், முதற்கட்டத்தைப் பன்முறை கண்டவராகவே இருப்பார். நன்கு தெரிந்த பாடம் என்று கருதி விரைந்து கடந்துவிடும் அந்த முதற்கட்டமே, பல்லாண்டுகள் கழித்து மீண்டும் ஆடுவோர் நின்று நோக்கத்தக்க இடமாகும்.

திரை விரிந்ததும் மாரியோ இடப்புறத்தில், வலப்புறம் நோக்கியவனாய் நிற்கிறான். அவன் முன்னே வெற்றிடம் பரந்து கிடக்கிறது. இடப்புறம் செல்ல முயன்றால் திரையின் விளிம்பு தடுக்கிறது. ‘வலப்புறம் செல்க’ என்று ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. எழுதவேண்டிய தேவையும் இல்லை. சில அடிகள் நடந்தவுடன் தலைக்கு மேல் வினாக்குறி இட்ட பெட்டி ஒன்று ஒளிர்ந்து நிற்கிறது. சற்று அப்பால், சினந்த முகத்தோடு ‘கூம்பா’ என்னும் பழுப்பு நிறச் சிறு பகைவன் எதிரே நடந்து வருகிறான். அவன்மீது மோதினால் மாரியோ மடிவான். தாவினால், கூம்பாவின் தலைமேல் விழுந்து அவனை நசுக்கலாம். அவனைக் கடந்து அப்பால் இறங்கலாம். அல்லது மேலுள்ள பெட்டியில் தலை மோதி நாணயம் ஒன்று பெறலாம். எவ்வாறு தாவினாலும் ஆட்டத்தின் விதிகளுள் ஒன்று விளங்கிவிடுகிறது. தாவாமல் மடிந்தாலும் பெரும் இழப்பில்லை. கட்டத்தின் வாயிலிலேயே மடிவதால் இழக்கப்படும் பொழுது சில நொடிகளே. தவறுவதற்கு உரிய இடம், தவறினால் இழப்புக் குறைந்த இடமாக அமைந்துள்ளது.

அடுத்து வரும் சில அடிகளே கற்பிக்கும் நுட்பத்தில் தலைசிறந்தவை. வரிசையாய் நிற்கும் செங்கற்களுக்கிடையே உள்ள வினாக்குறிப் பெட்டியை மோதினால் காளான் ஒன்று வெளிப்படுகிறது. இது நன்மை தரும் பொருள். இதனைத் தொட்டால் மாரியோ பெரிய உருவம் பெறுவான். ஆனால், புதிதாக ஆடுபவர் இதனை எவ்வாறு அறிவார்? சற்றுமுன் எதிர்ப்பட்ட கூம்பாவும் ஏறத்தாழக் காளான் வடிவினனே. அதனைக் கண்டு அஞ்சிய மனம் இதனைக் கண்டும் அஞ்சும். மியாமோத்தோ பிற்காலத்தில், நிறுவனத்தின் தலைவராயிருந்த சதோரு இவாத்தாவோடு உரையாடியபோது இவ்விடத்தை விளக்கியுள்ளார். வெளிப்பட்ட காளான் முதலில் வலப்புறமாக மாரியோவை விட்டு விலகிச் செல்கிறது. அங்கே நிற்கும் பச்சைக் குழாயில் முட்டி, மீண்டும் அவனை நோக்கியே வருகிறது. ஆடுபவர் அஞ்சித் தாவுவார். தாவினால் மேலுள்ள செங்கல்லில் தலை மோதும். மோதியவுடன் கீழே இறங்கி, அஞ்சிய பொருளின் மேலேயே விழுவார். விழுந்தவுடன் மாரியோ வளர்கிறான். ஆடுபவரின் அச்சம் வியப்பாக மாறுகிறது. குழாயின் இடமும் செங்கல்லின் உயரமும் காளான் செல்லும் திசையும் இந்த ஒரு விளைவுக்காகவே இணைந்து இயங்குகின்றன. முதன்முறை ஆடியவர் இதனைத் தம் நற்பேறு என்று எண்ணியிருப்பார். மறுமுறை ஆடுபவருக்கே அங்கே ஓர் ஆசிரியர் மறைந்து நிற்பது தெரியவரும்.

இங்குத் தொடங்கி நான்கு குழாய்கள் வழிமறிக்கின்றன. முதற்குழாய் தாழ்வானது, இரண்டாவது சற்று உயரமானது, மூன்றாவதும் நான்காவதும் அதனினும் உயரமானவை. பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் உயரமாகத் தாவலாம் என்பதை இக்குழாய்களே உணர்த்துகின்றன. முதற்குழாய்க்கும் இரண்டாம் குழாய்க்கும் இடையே பகைவர் இல்லை. அடுத்த இடைவெளியில் ஒரு கூம்பா. அதற்கடுத்த இடைவெளியில் இரண்டு. முதலில் வெறும் தாவல். பின்னர்ப் பகைவனோடு தாவல். அதன்பின் இணைந்து வரும் இருவரோடு தாவல். நான்காம் குழாயின்மீது நின்று கீழ்நோக்கி அழுத்துபவர் நிலத்தடி அறைக்குள் இறங்கி நாணயங்களைப் பெறுவர். இதனை ஆட்டம் எங்கும் அறிவிப்பதில்லை. இதனைக் கடந்து சிறிது தொலைவில், கண்ணுக்குப் புலப்படாத பெட்டி ஒன்று வெற்றுவெளியில் உள்ளது. சரியான இடத்தில் தாவினால் மட்டுமே அது வெளிப்பட்டு ஓர் உயிரை மிகுதியாகத் தரும். திரையோ வலப்புறமாக மட்டுமே நகரும். கடந்த இடத்துக்கு மீளுதல் இயலாது. தவறவிட்டவர் அதனைப் பெறவேண்டுமாயின் மறுமுறை ஆடுதல் வேண்டும். மறுமுறை ஆடுவோருக்கென்றே சிலவற்றைக் கட்டத்தினுள் புதைத்து வைத்துள்ளனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

முதற்கட்டத்தின் பிற்பகுதியிலுள்ள படிக்கட்டுகள் தனியே எடுத்துரைக்கத் தக்கவை. எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் முதலில் வருகின்றன. ஒன்றில் ஏறி மற்றொன்றின் உச்சிக்குத் தாவலாம். இடையே இருப்பது திண்ணிய தரை; தாவல் தவறினால் கீழே இறங்கி மீண்டும் முயலலாம். அதனைக் கடந்ததும், ஏறத்தாழ அதே வடிவில் மற்றோர் இணைப் படிக்கட்டு வருகிறது. இம்முறை இடையே இருப்பது குழி. விழுந்தால் உயிர்போகும். எனினும் ஆடுபவர் இத்தாவலைச் சற்றுமுன்பே இடரின்றிப் பயின்றுவிட்டார். அவரிடம் புதிதாகக் கேட்கப்படுவது திறமையன்று, துணிவு மட்டுமே.

எளிமையிலிருந்து அருமைக்கு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் கூறப்படும் நெறி இங்கே கல்லிலும் குழியிலும் எழுதப்பட்டுள்ளது. விதியை முதலில் கூறிப் பின்னர் எடுத்துக்காட்டுத் தரும் விதிவிளக்கு முறைக்கு இங்கே இடமில்லை. எடுத்துக்காட்டுகளைக் கண்டு விதியைத் தாமே உணரும் விதிவருமுறையே முழுவதும் ஆளப்பட்டுள்ளது. வகுப்பறையில் விதிவருமுறை தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம், எடுத்துக்காட்டுகளின் வரிசை பொருந்தாமையே ஆகும். இரண்டாவதாக வரவேண்டியது முதலில் வந்தால், மாணவர் விதியைக் காண்பதில்லை, குழப்பத்தையே காண்கின்றனர். மாரியோவின் முதற்கட்டத்தில் குழியுள்ள படிக்கட்டை முன்னும், தரையுள்ள படிக்கட்டைப் பின்னுமாக மாற்றி வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

இத்துணைச் செம்மையும் முதல் வரைவிலேயே அமைந்துவிட்டது என்று கொள்ளுதல் பொருந்தாது. முதலில் எதிர்ப்படும் பகைவனாக ஆமையே எண்ணப்பட்டிருந்தது. ஆமையை மிதித்தால் அது ஓட்டுக்குள் ஒடுங்கும்; ஓட்டை உதைத்தால் அது சறுக்கிச் சென்று பிறரை வீழ்த்தும்; உதைத்தவனையும் திரும்பி வந்து வீழ்த்தும். புதியவருக்கு இது மிகுதி என்று கண்டபின்னரே, மிதித்தால் மடிவதன்றி வேறொன்றும் அறியாத கூம்பா உருவாக்கப்பட்டது. ஆட்டத்தில் முதலில் தோன்றும் பகைவன், ஆக்கத்தில் ஏறத்தாழ இறுதியாகப் பிறந்தவன். பாடத்தைக் கற்பித்துப் பார்த்துத் திருத்தி எழுதிய ஆசிரியரின் கையெழுத்து இது.

இங்கே ஒன்றைக் கூறாமல் செல்லுதல் இயலாது. அண்மைக்காலத்தில் ‘விளையாட்டுவழிக் கற்றல்’ என்னும் பெயரால் பள்ளிகளில் புகுத்தப்படுவனவற்றுள் பல, பழைய பயிற்சித்தாளின்மேல் புள்ளியும் விண்மீனும் பதக்கமும் ஒட்டப்பட்டவையே. விடை சரியானால் மணி ஒலிக்கிறது; தவறானால் சிவப்புக் குறி தோன்றுகிறது. வினாக்களின் வரிசையை மாற்றி அடுக்கினாலும் அவற்றுக்கு ஒன்றும் நேராது. மாரியோவிலும் புள்ளிகள் உண்டு. திரையின் உச்சியில் அவை ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் அப்புள்ளிகளை முற்றும் நீக்கிவிட்டாலும் முதற்கட்டம் தன் பணியைக் குறைவின்றிச் செய்யும். விளையாட்டிடமிருந்து வகுப்பறை கடன்பெற விரும்பினால், பெறத்தக்கது புள்ளியன்று, படிக்கட்டே.

இனி, இரண்டாம் கட்டம் நிலத்தடியில் அமைந்தது. மேலே செங்கற்கூரை நெடுகிலும் செல்கிறது. ஆடுபவர் அதனைத் தம் எல்லை என்றே கருதி நடக்கிறார். ஆனால் கட்டத்தின் இறுதியை நெருங்கும்போது, ஏறிச் செல்லும் பலகை ஒன்றில் நின்று அக்கூரையின்மேலேயே கால் வைத்துவிடலாம். அங்கிருந்து ஓடினால், கட்டம் முடியும் வாயிலையும் கடந்து ஒரு மறைவிடம் வருகிறது. நான்கு, மூன்று, இரண்டு என்று எண்ணிட்ட மூன்று குழாய்கள் அங்கே நிற்கின்றன. விரும்பிய உலகத்துக்கு நேரே செல்லலாம். சீனத்து நான்கடிப் பாடல்களில் தோன்றி ஜப்பானிலும் வேரூன்றிய ஓர் இலக்கிய அமைப்பு உண்டு. தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்னும் நான்கு உறுப்புகளை உடைய அதனை ஜப்பானியர் ‘கி-ஷோ-தென்-கெத்சு’ என்பர். 2011இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ 3டி லேண்ட்’ ஆட்டத்தின் இயக்குநர் கொய்ச்சி ஹயாஷிதா, தம் கட்டங்கள் இவ்வமைப்பைப் பின்பற்றியவை என்று கூறியுள்ளார். 1985ஆம் ஆண்டின் ஆட்டத்தில் தொடக்கமும் வளர்ச்சியும் எங்கும் உள, திருப்பம் அரிது. அரிதாக வந்த திருப்பங்களுள் தலையாயது இந்தக் கூரையே. எல்லை என்று எண்ணியது வழியாக மாறுகிறது.

இவ்வழியிலும் ஒரு குறை உண்டு. தற்செயலாகக் கூரையேறி நான்காம் உலகத்துக்குச் சென்றுவிடும் புதியவர், இரண்டாம் உலகத்து நீச்சலையும், மூன்றாம் உலகத்தில் முதன்முதல் எதிர்ப்படும் சுத்தியல் எறியும் ஆமைகளையும் பழகாமல் செல்கிறார். பின்னர் அவற்றைக் கடும் வடிவில் சந்தித்துத் துன்புறுகிறார். தேர்ச்சி பெற்றவருக்கு வரமாக அமைந்தது தேராதவருக்கு இடராகிறது. எனினும் சேமிக்கும் வசதியற்ற ஓர் ஆட்டத்தில், தெரிந்தவரை விரைந்து செல்ல விடுவது நியாயமே.

ஐந்தாம் உலகத்தின் மூன்றாம் கட்டத்தை அடைபவருக்கு, இவ்விடத்துக்கு முன்பே வந்திருக்கிறோம் என்னும் உணர்வு தோன்றும். அவ்வுணர்வு பொய்யன்று. அது முதல் உலகத்தின் மூன்றாம் கட்டமே. மரவுச்சிகள் அவ்வாறே உள. அசையும் பலகைகள் மட்டும் குறுகிவிட்டன. வலப்புறத்திலிருந்து குண்டுகள் சீறி வருகின்றன. முதல் உலகத்துக் கோட்டை ஆறாம் உலகத்தில் கூடுதல் இடர்களோடு மீண்டும் வருகிறது. இது நினைவகச் சிக்கனத்தின் விளைவு என்பது வெளிப்படை. வறுமையால் நேர்ந்ததேனும், நன்றாகவே நேர்ந்தது என்பது கருதத்தக்கது. பழகிய இடத்தில் புதிய இடர் வரும்போதுதான் ஆடுபவர் தம் வளர்ச்சியை அளந்தறிகிறார். அன்று அஞ்சிக் கடந்த பலகையை இன்று குண்டுக்கிடையே கடக்கிறார். ஆனால் இதே முறை எங்கும் வெற்றி பெற்றது என்றும் கூறுவதற்கில்லை. ஏழாம் உலகத்தின் இரண்டாம் கட்டம், இரண்டாம் உலகத்து நீர்க்கட்டத்தின் மறுபதிப்பு. அங்கே கணவாய்களின் எண்ணிக்கை கூடியதன்றி வேறு சிந்தனை இல்லை. எண்ணிக்கையைக் கூட்டுவது பாடத்தைக் கடினமாக்கும், ஆழமாக்காது.

இவ்வாட்டத்தின் உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. நான்காம் உலகத்துக் கோட்டையும் ஏழாம் உலகத்துக் கோட்டையும் மாயவழிகளை உடையவை. மேல்வழி, கீழ்வழி என்று பாதை பிரிகிறது. சரியான வழியில் செல்லாதவர் சென்ற இடத்துக்கே மீண்டும் மீண்டும் வருகிறார். எங்கே தவறினோம் என்று அவருக்கு எவரும் கூறுவதில்லை; முதலில் தாம் தவறியதே அவருக்குத் தெரிவதில்லை. முடிவில்லாத நெடும்பாதை என்று எண்ணிச் சிறிது நேரம் ஓடுகிறார். அதற்குள் நேரக்கணக்குக் குறைந்து, இசை விரைவுபட்டு, இறுதியில் மாரியோ மடிகிறான். முதற்கட்டத்தில் ஒவ்வொரு தவற்றுக்கும் உடனே காரணம் காட்டிய அதே ஆசிரியர், இங்கே காரணம் கூறாமல் தண்டிக்கிறார். இதனை முயற்சிக்குரிய புதிர் என்று கூறி ஏற்க முற்படுவோர் உளர். புதிராயின் குறிப்பு ஒன்றேனும் இருத்தல் வேண்டும். குறிப்பில்லாத புதிர் குருட்டு முயற்சியே. படைத்தவர்களும் இதனை உணர்ந்திருத்தல் கூடும். 1993இல் ‘சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்’ தொகுப்பில் இவ்வாட்டத்தைப் புதுப்பித்தபோது, சரியான வழிக்கு ஓர் ஒலியும் தவறான வழிக்கு மற்றோர் ஒலியும் சேர்த்தனர். வழியில் ஒரு கல்லும் மாறவில்லை. எனினும் அக்கோட்டைகள் அன்றுதான் ஆடத்தக்கவை ஆயின.

1986ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த இரண்டாம் பாகம் வேறொரு கோட்பாட்டை மேற்கொண்டது. அதன் முதற்கட்டத்தின் தொடக்கத்திலேயே நச்சுக் காளான் ஒன்று வெளிப்படுகிறது. முதற்பாகத்தில் அரும்பாடுபட்டு ஊட்டிய நம்பிக்கையை அது ஒரு நொடியில் கவிழ்த்துவிடுகிறது. முன்னே அழைத்துச் செல்லும் குழாய் என்று நம்பி இறங்கினால், மூன்றாம் உலகத்திலிருந்து முதல் உலகத்துக்கே தள்ளும் குழாயும் அதில் உண்டு. முதற்பாகத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு இவை நகைச்சுவை, பிறருக்கு வஞ்சகம். கடுமையைக் கருதி அந்நாளில் பிறநாடுகளில் வெளியிடப்படாதிருந்த அப்பாகம், 1993ஆம் ஆண்டுத் தொகுப்பில் ‘தி லாஸ்ட் லெவல்ஸ்’ என்னும் பெயரோடு சென்றது. கற்பித்த ஆசிரியரே தேர்வாளராகி, மாணவர் எங்கே வழுக்குவர் என்பதை நன்கறிந்து வினாத்தாள் அமைத்தால் எவ்வாறிருக்குமோ அவ்வாறுள்ளது அது. முதற்பாகத்தைச் சார்ந்தன்றித் தனித்து நிற்கும் ஆற்றல் அதற்கில்லை.

மறுமுறை ஆடுதலை முதற்பாகமே தன்னுள் வேறொரு வகையில் அமைத்துக்கொண்டுள்ளது. எட்டாம் உலகத்தில் இடையில் மடிந்தவரை நடுவழியிலிருந்து தொடரவிடும் சலுகை இல்லை. ஒவ்வொரு முறையும் கட்டத்தின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். அதனையும் கடந்து இளவரசியை மீட்டவருக்கு, மீண்டும் முதலிலிருந்து ஆடும் அழைப்பு விடுக்கப்படுகிறது. அதனை ஏற்றுத் தொடங்கினால், அதே வெற்றிடம், அதே வினாக்குறிப் பெட்டி, அதே பச்சைக் குழாய். ஆனால் கூம்பா நடந்து வந்த இடத்தில் கருமையான ஓடுடைய வண்டு ஒன்று முன்னினும் விரைவாக வருகிறது. நெருப்புப் பந்துகள் அதன்மேல் பட்டுத் தெறிக்கின்றன. தலையில் மிதித்தால் மடிவதில்லை, ஓட்டுக்குள் ஒடுங்குகிறது, ஓட்டை உதைத்தால் சறுக்கிச் சென்று குழாயில் முட்டி, உதைத்தவனை நோக்கியே திரும்பி வருகிறது. புதியவருக்கு மிகுதி என்று அன்று நீக்கி வைத்த பாடம், அதே குழாயின் முன்னே, இப்போது வருகிறது.